கோபாலபுரத்திலிருந்து போன தண்ணீர்

மாசிலாமணி அண்ணன் வந்தவாசிப் பக்கத்தில் இருக்கும் தன் கழனிக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை, கோபாலபுரத்தில் உட்கார்ந்தபடியே மூன்று வருடம் பார்த்திருக்கிறேன்.

அவர் அங்கே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேன். பன்னிரண்டு வீடுகள். கார் நிறுத்தும் இடத்தில் மாடிப்படிக்கு இந்தப் பக்கம் அவருடைய நாற்காலி, அந்தப் பக்கம் என் தையல் மெஷின். புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது, பெரிதாகிவிட்ட ரவிக்கையைப் பிடிப்பது, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பேண்ட்டுக்கு ஓரம் இறக்குவது என்று எனக்கு வேலை. திருவல்லிக்கேணியிலிருந்து நடந்து வந்து நடந்து போவேன். வேலை நேரத்தில் அதிகம் பேச மாட்டேன். பேசாதவர்கள் முன்னால் மற்றவர்கள் தாராளமாகப் பேசுவார்கள். அப்படித்தான் அண்ணனின் கழனி எனக்குத் தெரிந்தது. இன்றுவரை நான் அதை நேரில் பார்த்ததில்லை.

காலையில் அவர் சட்டைப் பையில் இருக்கும் சின்ன போன் இரண்டு தடவை அடித்து நின்றால், ஊரில் மோட்டார் ஓட்டும் மூன்று பேஸ் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். கூப்பிட்டது மனிதர் இல்லை. மோட்டார் கொட்டகைக்குள் ஸ்டார்ட்டரோடு சேர்த்து மாட்டியிருக்கும் ஒரு பெட்டி. அதற்குள்ளும் ஒரு சிம் கார்டு உண்டு. அண்ணன் எழுந்து, காக்கிச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று அந்த எண்ணைக் கூப்பிடுவார். ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும். இரண்டை அழுத்தினால் நிற்கும். ஒரு பெண் குரல், பாடப் புத்தகம் வாசிப்பதுபோல, "மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது" என்று சொல்லும். அவர் அதை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார்.

அடுத்த நிமிடம் மனைவி பச்சையம்மாளைக் கூப்பிடுவார்.

"தண்ணி வுட்டுட்டேன். மடைக்குப் போ."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "வந்துச்சா?"

"வந்துகினு கீது. இன்னும் கேணி மேட்டைத் தாண்டல. சும்மா சும்மா போன் பண்ணாத, கை சேறாகீது."

பச்சையம்மாள் அக்கா மண்வெட்டியால் வாய்க்கால் கரையை வெட்டி, ஒரு கழனி நிறைந்ததும் அந்த வெட்டை அடைத்து, அடுத்ததைத் திறந்துவிடுவார். அந்த வெட்டைத்தான் மடை என்பார்கள். புருஷன் சென்னையிலிருந்து தண்ணீரை அனுப்புவார், பெண்டாட்டி ஊரில் நின்று வாங்கிக்கொள்வார். தினம் இரண்டு மணி நேரம் அவர்கள் குடும்பம் நடத்துவது இப்படித்தான்.

நிலம் ஒரு ஏக்கர் பத்து சென்ட். அண்ணனின் அப்பா காலத்தில் ஏரித் தண்ணீர் பாய்ந்த நிலம். ஏரி மேடேறிப் போன பிறகு போர் போட்டு, இலவசக் கரண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பல வருடம் காத்திருந்து வாங்கியிருக்கிறார்கள். கரண்ட் வந்தும் அவர் ஏன் ஊரில் தங்கவில்லை என்று மூன்றாவது மாடி கஸ்தூரிரங்கன் சார் ஒருநாள் கேட்டார். அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கட்டடத்துச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

"நெலம் சோறு போடுது சார்," என்றார் அண்ணன். "துணிமணி, மருந்து, கல்யாணம், சாவு, அதெல்லாம் நெலத்துல வெளையறதுல்ல."

"முன்னாடியும் அதே நிலந்தானே?"

"முன்ன நட்டுட்டு வந்தா பக்கத்துக் கழனிக்காரன் கூப்புடுவான். களையெடுப்பு, அறுப்பு, கட்டு தூக்குறதுன்னு வருசத்துக்கும் கைக்கு வேலை கீது. இப்ப நடறது மெஷினு, அறுக்கறது மெஷினு. நடுவுல நான் இன்னா பண்றது சார், நெல்லு வளர்றத வேடிக்கை பாக்கறதா?"

அவர் ஊரில் விடிந்ததும் கம்பெனி பஸ்கள் வந்து நிற்குமாம். பையன்கள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போவார்கள், பெண்பிள்ளைகள் செய்யாறு பக்கம் செருப்புக் கம்பெனிக்கு. அண்ணனின் மகள் அனுப்பிரியாகூடக் கல்யாணத்துக்கு முன்பு நான்கு வருடம் அங்கே போனவள்தான். "காலையில ஏழு மணிக்கு மேல எங்க ஊர்ல ஆம்பளை வேணும்னா டீக்கடையில தேடணும். கெடைச்சாலும் அவன் அறுவது வயசுக்கு மேல இருப்பான்," என்பார்.

எங்கள் தெருவில் ஐந்து வாட்ச்மேன்கள். அதில் மூன்று பேருக்கு ஊரில் நிலம் உண்டு. ஒருவருக்கு உத்திரமேரூர்ப் பக்கம் நெல், ஒருவருக்குத் திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் மணிலா என்கிற வேர்க்கடலை. சாயங்காலம் மழை வரும் என்று செய்தி வந்தால், மாடி வீட்டுக்காரர்கள் கொடியில் கிடக்கும் துணியை எடுப்பார்கள். இவர்கள் மூன்று பேரும் எங்கள் கேட்டுக்கு முன்னால் கூடி நின்று தெற்கேயும் மேற்கேயும் பார்ப்பார்கள். இங்கே தெரியும் வானத்தில் அவர்கள் ஊர் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும்.

மோட்டார் கொட்டகைக்கு ஒரு பூட்டு உண்டு. மூன்று வருடத்துக்கும் முன்னால் ஒரு மழை நாளில் பச்சையம்மாள் அக்கா ஸ்டார்ட்டரைத் தொட்டு ஷாக் அடித்துவிட்டது. அதே மாதம் பக்கத்து நிலத்தில் காப்பர் ஒயரைத் திருடிக்கொண்டு போனார்கள். அண்ணன் ஊருக்குப் போய்ப் பெரிய பூட்டாகப் போட்டுப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டு சென்னைக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்தப் பெட்டி மாட்டினார். அதில் ஒரே ஓர் எண்ணைத்தான் பதிய முடியும். அவர் எண்ணைப் பதிந்தார்.

இந்த வருடம் பங்குனி மாதம். நவரைப் போகத்து நெல், இட்லிக்குப் போடும் குண்டு ரகம், கதிர் வந்து பால் பிடிக்கும் சமயம். இந்தப் பதினைந்து இருபது நாள்தான் முக்கியம் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். இப்போது கழனி காய்ந்தால் கதிர் நிற்கும், உள்ளே அரிசி இருக்காது. பதர்தான். போன வருடம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்து நெல் சாய்ந்து முளைத்துவிட்டது. இந்த வருடமும் போனால் அடுத்த வருடம் தரிசாகப் போட்டுவிடுவது என்று அவர்கள் பேசி வைத்திருந்தார்கள். தரிசு கிடக்கும் நிலத்தைக் கேட்டு உடனே ஆள் வரும். அவர்கள் ஊர்ச் சாலை ஓரத்தில் ஏற்கெனவே இரண்டு இடத்தில் மனைக்குக் கல் நட்டாயிற்று.

அந்த வாரம் கரண்ட் காலை ஏழு மணிக்கு வந்து பகல் வரைக்கும் இருந்தது. எங்கள் கட்டடத்திலும் தண்ணீர் ஏற்றும் நேரம் அதுதான். தரைக்கடியில் சம்பில் இருக்கும் தண்ணீரை மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்ற முப்பத்தைந்து நிமிடம் ஆகும். கோடை தொடங்கிவிட்டதால் லாரித் தண்ணீர். முந்தின நாள்தான் ஒரு லாரி வந்து ஊற்றிவிட்டுப் போனது.

புதன்கிழமை காலை இரண்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடின. படிக்குக் கீழே இருந்த ஸ்விட்சைப் போட்டுவிட்டுத்தான் அண்ணன் ஊர் மோட்டாருக்குப் போன் செய்தார். பிறகு ஒரு காருக்குக் கேட்டைத் திறந்தார், கூரியர்காரனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கினார், பால் பாக்கெட்டைத் தவறான வீட்டில் வைத்ததற்காக ஒரு வீட்டம்மாவிடம் திட்டு வாங்கினார். கடிகாரத்தைப் பார்த்தார். தொட்டி நிறைந்திருக்கும் நேரம். போனை எடுத்தார், கூப்பிட்டார், இரண்டை அழுத்தினார்.

"மோட்டார் நிறுத்தப்பட்டது," என்றது அந்தப் பெண் குரல்.

அண்ணன் போனைப் பையில் போட்டுக்கொண்டு நிம்மதியாக டீ குடிக்க உட்கார்ந்தார். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். படிக்குக் கீழே மோட்டார் உறுமிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பழகிப்போனது. என் மெஷின் சத்தம் அவருக்குப் பழகிப்போனதுபோல.

முதலில் போன் செய்தது பச்சையம்மாள் அக்கா.

"இன்னாய்யா, பாதியில நிறுத்திட்ட? மேல் கழனிக்கு ஒரு சொட்டுகூட ஏறல."

"நானா நிறுத்தினேன்?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அதே நேரம் மேலேயிருந்து கஸ்தூரிரங்கன் சாரின் குரல் படியில் இறங்கி வந்தது. அவருக்கு முன்னால் தண்ணீர் வந்தது.

தொட்டி வழிந்து மொட்டை மாடி முழுக்க நின்று, குழாய் வழியாகவும் படி வழியாகவும் இறங்கிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் சாரின் வீட்டம்மா மொட்டை மாடியில் வேட்டி விரித்து வடாம் பிழிந்து வைத்திருந்தார். அது கரைந்து கஞ்சியாகி, படியில் வெள்ளையாக வழிந்தது.

"என்னய்யா பண்ணிண்டிருக்க? லாரித் தண்ணியா, இல்ல காவேரியா? நேத்து வந்த லாரி அத்தனையும் படியிலன்னா ஓடறது!"

அண்ணன் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தார். சம்பில் அரையடித் தண்ணீர்கூட இல்லை.

"மன்னிச்சுக்கோங்க சார். அமுத்திட்டேன்னு நெனைச்சுக்கினேன்."

"எதை அமுத்தின?"

அண்ணன் பொய் சொல்லத் தெரியாதவர். போனைக் காட்டினார். சாருக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் கோபம் கொஞ்சம் குறைந்ததுபோல எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் செயலாளர். பதினொரு வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"உன் வயலுக்கும் தண்ணி போகல, எங்க சம்புலயும் தண்ணி இல்ல. ரெண்டு ஊரையும் ஒரே கையால காய வச்சிருக்கய்யா நீ."

சாயங்காலம் கீழேயே கூட்டம் போட்டார்கள். வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். சார் ஒரு வழி சொன்னார். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை வாட்ச்மேன் போன் மீட்டர் ரூம் டிராயரில் இருக்கும். சாவி சாரிடம். அவசரம் என்றால் வீட்டு எண்களுக்கு இன்டர்காம் இருக்கிறது. அண்ணன் தலையாட்டினார். வேலை நிலைத்ததே என்று அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் முகத்தில் அது இல்லை. ஆறு மணிக்கு மேல் ஊரில் மூன்று பேஸ் கரண்ட் கிடையாது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மீட்டர் ரூமுக்குள் போன் இரண்டு தடவை அடித்து நின்றது. பூட்டிய கதவுக்குப் பின்னால் அது சின்னக் குழந்தை விக்குவதுபோல இருந்தது. அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டுக்கு முன்னால் பெருக்கிய இடத்தையே பெருக்கினார். பிறகு நீளமாக அடித்தது. அது பச்சையம்மாள் அக்காவாக இருக்கும். ஏழு எட்டு தடவை அடித்து ஓய்ந்தது.

சாயங்காலம் போன் கைக்கு வந்ததும் பேசினார்.

"வேற யார்னா தண்ணி குடுப்பாங்களா கேளு," என்றார். பக்கத்துக் கழனிக்காரர்கள் எல்லாருடைய நெல்லும் அதே கட்டத்தில்தான் இருந்தது. யார் கொடுப்பார்கள்?

வெள்ளிக்கிழமையும் அப்படியே போயிற்று. அன்று மத்தியானம் நான் தொழுதுவிட்டு வந்தபோது அவர் சோற்றை மூடியபடியே வைத்திருந்தார்.

"மூணாம் நாள் வெடிப்பு வுட ஆரம்பிக்கும் பாயம்மா," என்றார். "கட்டை விரல் போற அளவுக்கு."

"அந்தப் பெட்டியில அக்கா நம்பரைப் போட்டுட்டா இன்னாண்ணே?" என்று கேட்டேன். நான் அவரிடம் யோசனை சொன்னது அதுதான் முதல் தடவை.

"அவளுக்கு அதெல்லாம் தெரியாது."

"ஒண்ணு, ரெண்டுதானே?"

அவர் என்னிடம் சொல்வதுபோல இல்லாமல் கேட்டைப் பார்த்துச் சொன்னார். "உழறது டிராக்டர்காரன். நடறது மெஷின்காரன். மருந்தடிக்கறதுக்கு ஒருத்தன். மடை பாக்கறது அவ. தண்ணி வுடறது ஒண்ணுதான் நான் பண்றேன். அதையும் அவகிட்ட குடுத்துட்டா, ஊர்ல யார்னா மாசிலாமணிக்கு இன்னா வேலைன்னு கேட்டா இன்னா சொல்லுவாங்க?"

மெஷினை மிதித்தேன்.

சனிக்கிழமை பத்தரை மணிக்கு ஒரு அம்மா கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். ஒல்லியாக, வெயிலில் கறுத்த முகம், கையில் ஒரு கட்டைப் பை. முதல் பஸ்ஸில் ஏறி, கிளாம்பாக்கத்தில் இறங்கி, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். போனில் குரல் கேட்டுப் பழகியிருந்ததால், வாயைத் திறந்ததும் பச்சையம்மாள் அக்கா என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"யோவ், இங்க நெழல்ல உக்காந்துகினு கீற. அங்க கழனி வாயைத் தொறந்துகினு கீது."

"நீ ஏன் வந்த? ஆட்டை யார் பாக்கறது?"

"ஆடு மேயும். நெல்லுதான் நடந்து போய் தண்ணி குடிக்காது. சாவியைக் குடு, இல்ல போனைக் குடு. ரெண்டுல ஒண்ணு இல்லாம நான் பஸ் ஏற மாட்டேன்."

"சாவி குடுத்தா மறுபடி கையை வெச்சு ஷாக் அடிச்சுக்குவ."

"அப்ப போனைக் குடு."

"போன் சார்கிட்ட கீது."

"எந்த சாரு?"

அக்கா கேட்ட சத்தத்துக்கு, எந்த சாரோ அவரே கீழே வந்துவிட்டார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கும்பிட்டார்.

"இவரு சம்சாரங்க. தொட்டி வழிஞ்சது தப்புதான். வடாமுக்கு அரிசி வேணும்னா அறுத்ததும் தரேன். இப்ப அந்த நெல்லு அரிசியாவணும்னா போனை ஒரு அஞ்சு நிமிசம் குடுங்க."

கஸ்தூரிரங்கன் சார் சாவியை எடுத்து மீட்டர் ரூமைத் திறந்தார். போனைக் கொண்டுவந்து அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அக்கா பையிலிருந்து அந்தப் பெட்டியோடு கொடுத்த சின்னப் புத்தகத்தை எடுத்தார். அரிசிப் பானைக்குள் வைத்திருந்ததாம். தவிடு உதிர்ந்தது. "எனக்குப் படிக்க வராது. நீ படி கண்ணு," என்று என்னிடம் தந்தார். எண் மாற்றுவதற்கு எப்படி மெசேஜ் அனுப்ப வேண்டும் என்று அதில் தமிழில் போட்டிருந்தது. பழைய எண்ணிலிருந்து அனுப்பினால்தான் பெட்டி ஏற்றுக்கொள்ளும். நான் வரிவரியாகப் படித்தேன். அண்ணன் எழுத்து எழுத்தாக அடித்தார். கடைசியில் அனுப்பும் பட்டன் மேல் கட்டை விரலை வைத்தவர் அழுத்தவில்லை.

"இன்னா, விரலு மரத்துப் போச்சா?" என்றார் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "நெல்லு உன்னுதுதான்யா. நான் ஒண்ணும் எடுத்துகினு ஓடிட மாட்டேன்."

அவர் அழுத்தினார்.

இரண்டு நிமிடம் கழித்து அக்காவின் போன் இரண்டு தடவை அடித்து நின்றது. அக்கா அதைத் தூக்கிப் பிடித்து, கொஞ்சமும் யோசிக்காமல் திருப்பிக் கூப்பிட்டு ஒன்றை அழுத்தினார். "மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது," என்றது பெண் குரல். அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

"ஓடுது பார்!"

"ஓடும். மடையில யார் நிக்கறது?" என்றார் அண்ணன்.

அக்கா சுற்றிலும் பார்த்தார். சுற்றிலும் கார்கள் நின்றன. "ஐயய்யோ," என்று இரண்டை அழுத்தினார். கஸ்தூரிரங்கன் சார்தான் முதலில் சிரித்தார். அண்ணனும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. அக்கா என்னிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, உட்காரக்கூட இல்லாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். போகும்போது திரும்பி வந்து, "அந்தச் சாவியும் குடு. ரப்பர் செருப்புப் போட்டுக்கினுதான் உள்ள போவேன்," என்று அரைஞாணிலிருந்து அதையும் அவிழ்க்க வைத்து வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அண்ணனின் காலைகள் சும்மா ஆகிவிட்டன. ஏழு மணிக்கு அவர் கை சட்டைப் பைக்குப் போகும், வெறும் பையைத் தடவிவிட்டுத் திரும்பும். சாயங்காலம் போன் வந்ததும் கேட்பார்.

"தண்ணி வுட்டியா?"

"வுட்டேன்."

"மேல் கழனிக்கு?"

"அதுக்கும்தான்."

அவ்வளவுதான் பேச்சு. முன்பெல்லாம் இரண்டு மணி நேரம் நீண்ட குடும்பம் இப்போது இரண்டு நிமிடத்தில் முடிந்தது. கட்டடத்துத் தொட்டி மட்டும் ஒருநாளும் வழியவில்லை. ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நிறையும்வரை நகராமல் உட்கார்ந்திருப்பார். சார் அதைப் பார்த்துவிட்டு, இனி போனைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார். "இருக்கட்டும் சார், டிராயர்லயே கெடக்கட்டும்," என்றார் அண்ணன்.

சித்திரை கடைசியில் அறுப்பு. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் போனார். மெஷின் ஒரு மணி நேரத்துக்குள் அறுத்துக் கொட்டிவிட்டதாம். மேல் கழனி ஓரத்தில், வெடிப்பு விட்ட இடத்தில் மட்டும் பதர். மற்றதெல்லாம் நல்ல மணி. திரும்பி வந்தபோது பத்துக் கிலோ அரிசி கொண்டுவந்து கஸ்தூரிரங்கன் சாரின் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்தார். எனக்கும் ஒரு பை.

வைகாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தவர் குரலை உயர்த்தினார். அப்படிக் கேட்டதே இல்லை.

"யாரைக் கேட்டு வெதைச்ச?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"யாரைக் கேக்கணும்? மேல் கழனி முப்பது சென்ட்டு சும்மாதான கெடந்துச்சு. வெண்டி போட்டுட்டேன்."

"எங்கப்பா காலத்துலருந்து அது நெல்லு வெச்ச கழனி."

"வெச்சீங்க. ஏன் வெச்சீங்க? நீ அங்க உக்காந்துகினு பட்டன் அமுத்தினா நெல்லுதான் வெக்க முடியும். ரொப்பிவுட்டா போதும், ரெண்டு நாள் கேக்காது. வெண்டி அப்புடி இல்ல. காலையில கா மணி நேரம், சாயந்திரம் பாத்து கொஞ்சம். பூச்சி இருந்தா அன்னிக்கே பாக்கணும். ஒரு நாள் வுட்டு ஒரு நாள் பறிக்கணும். பக்கத்துலயே ஆள் இருந்தா வெக்கலாம். நான் கீறேன். வெச்சுட்டேன்."

அக்கா இன்னும் முடிக்கவில்லை.

"ஒம்பது வருசமா நீ இல்லாதப்ப இன்னா வெளையுமோ அதத்தான் வெளைச்சிகினு கெடந்தோம். இப்ப எனக்கு ஒரு வெவரம் வோணும். வந்தவாசி மார்க்கெட்டுல எல்லாருதும் ஒண்ணா வந்து கொட்டுது. அங்க மெட்ராஸுல இன்னா விலைக்குப் போவுது, எந்தப் பருவத்துல கேக்கறாங்க, பிஞ்சா, கொஞ்சம் முத்தலா? பாத்து சொல்லு. உனக்குத்தான் அங்க எல்லாம் தெரியுமே."

போனை வைத்துவிட்டு அண்ணன் தெருவைப் பார்த்தபடி நின்றார். அக்கா கடைசியில் சொன்னது குத்தலா, கேள்வியா என்று அவர் யோசித்திருக்கலாம். எனக்கு இரண்டும்தான் என்று பட்டது.

"பாயம்மா, உங்க பக்கம் ஜாம்பஜார் மார்க்கெட்டு எத்தனை மணி வரைக்கும் தொறந்திருக்கும்?" என்று கேட்டார்.

அடுத்த தெரு வாட்ச்மேனை ஒரு மணி நேரம் கேட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என்னோடு நடந்து வந்தார். காக்கிச் சட்டையை மாற்றவில்லை. மார்க்கெட்டில் கூட்டம் குறைந்திருந்தது. வெண்டைக்காய் குவித்திருந்த கடை தல்ஹா என்ற பையனுடையது. எங்கள் சந்தில் இருப்பவன்தான், அவன் அப்பாவுக்குப் பிறகு கடையைப் பார்க்கிறான். அண்ணன் ஒரு காயை எடுத்து நுனியை ஒடித்தார். இன்னொன்றை எடுத்து ஒடித்தார். மூன்றாவதை எடுத்தார்.

"நைனா, வாங்கப் போறியா, எல்லாத்தையும் ஒடைச்சுட்டு என்கிட்டயே உட்டுட்டுப் போவப் போறியா?" என்றான் தல்ஹா.

"எந்த ஊரு காய் இது?"

"கோயம்பேட்டுலருந்து வருது."

"கோயம்பேட்டுல யாரு வெண்டி போடறான்? அதுக்கு முன்னாடி எங்கருந்து?"

தல்ஹா என்னைப் பார்த்தான். "இன்னா ஜமீலாக்கா, செக்கிங்குக்கு வந்துகிறாரா?" என்று சிரித்தான். பிறகு, ஆந்திராப் பக்கத்திலிருந்தும் வரும், இப்போது வருவது திருவள்ளூர்ப் பக்கம் என்று சொன்னான். விரல் நீளத்துக்குப் பிஞ்சாக, நுனி கறுக்காமல், பறித்த அன்றே வந்தால் வீட்டுக்காரப் பெண்கள் விலை கேட்காமல் எடுப்பார்கள் என்றான். முற்றினால் ஹோட்டல்காரன்கூடத் தொட மாட்டான். அண்ணன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி மனதில் வைத்துக்கொண்டார். காலை முதல் பஸ்ஸில் ஒரு மூட்டை போட்டு அனுப்பினால் இங்கே எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று விரல் விட்டு எண்ணினார். பிறகு இரண்டு நாளுக்கு ஒரு தடவை கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வாயா என்று கேட்டார்.

"காய் நல்லாருந்தா எடுத்துக்கறேன்," என்றான் தல்ஹா. காக்கிச் சட்டையை மேலும் கீழும் பார்த்தான். "நீ இன்னா நைனா, விவசாயியா?"

அண்ணன் கையிலிருந்த வெண்டைக்காயைக் குவியலில் வைத்தார்.

"எங்க வூட்டம்மா விவசாயி," என்றார். "நான் வாட்ச்மேன்."

ஒடித்த இரண்டு காய்களோடு இன்னும் கால் கிலோ நிறுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் போனை எடுத்து ஊருக்குக் கூப்பிட்டார்.